பத்துக்கு எத்தனை

ஐஸுக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.

எடுத்ததும் தெரியவில்லை, எடுக்காததும் தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு இறால் உரிக்க நின்றால், ஒன்பதுக்கெல்லாம் விரல்கள் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். சாயங்காலம்தான் திரும்பும். பதினாறு வருஷமாக அப்படித்தான்.

கம்பெனி அனுப்பிய பெண் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தாள். கையில் தாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி.

"இப்ப உங்களால எவ்வளவு வேலை செய்ய முடியும்னு நினைக்கிறீங்க? நீங்களே பத்துக்கு மார்க் போடுங்க."

பக்கத்தில் நின்ற மிக்கேலம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவள் காதுக்குள் கத்தினாள்.

"பத்துன்னு சொல்லுட்டி. ஒம்பதுக்குக் கொறஞ்சா, தடைக்காலம்னு போட்டெல்லாம் கடலுக்குப் போவாத ரெண்டு மாசமும் வீட்டுல கெடக்க வேண்டியதுதான். சூப்பர்வைசரே சொன்னாரு."

"நீ எத்தன சொன்ன?"

"நானா? பன்னெண்டு. அந்தப் புள்ள சிரிச்சிட்டே பத்து போட்டுட்டுப் போவுது."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. நேற்றும் அவள் கூடைதான் முதலில் நிரம்பியது. பத்துதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்தப் பெண் அவளிடம் வந்து கேட்ட நேரம், ஐஸ் நொறுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"பத்து."

"என்னக்கா?"

"பத்து!"

அந்தப் பெண் காதைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். நனைந்த கையுறைக்குள் விரல்களை விரித்தாள்.

அத்தனையையும்.

கண் பேனாவின் மேலேயே இருந்தது. ஒரு கோடு, பக்கத்தில் ஒரு வட்டம். அவ்வளவுதான் வேண்டும்.

அந்தப் பெண் விரல்களை எண்ணினாள். குனிந்தாள். பேனா வளைந்து இறங்கி, கீழே ஒரு சுற்றுச் சுற்றி, தாளை விட்டு எழும்பாமலே புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது.

எட்டு.

பிறகு காதருகே வந்து சொன்னாள்.

"எல்லாரும் பத்து பத்துன்னே சொல்றாங்கக்கா. நீங்க ஒருத்தங்கதான் உண்மையச் சொல்லியிருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

கைகள் தூக்கியபடியே இருந்தன. அப்போதுதான் அவற்றைப் பார்த்தாள்.

இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியிருந்தன.

வலது கையால் நிமிர்த்தினாள். விட்டதும் மடங்கின.

அந்தப் பெண்ணைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் விரலைக் காட்டச் சொல்வாள்.

"எத்தனட்டி போட்டா?" என்றாள் மிக்கேலம்மா.

மடங்கிய விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது.

ஐஸிலிருந்து ஓர் இறாலை எடுத்து அதற்குள் வைத்தாள்.

சரியாக இருந்தது.