நலமானவர்கள் வரிசை

உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளையும் உறுப்புகளையும் தாக்கும் லூபஸ் நோய் வந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வகத்துப் பெண்களே ரத்தம் கொடுத்திருந்தார்கள். அந்த 'நலமானவர்கள்' வரிசையில் ஒரு குழாய் மட்டும் அடம்பிடித்தது. எத்தனை முறை சோதித்தாலும் அழற்சி அளவும், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் எகிறியே நின்றன.

"யாரோ குண்டுப் பூசணி! கொட்டிட்டு வேற எடும்மா" என்று ஆய்வை நடத்தும் டாக்டர் சிரித்தார்.

பரிசோதனை செய்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடை கூடினா லெப்டின் ஏறும் சார், அழற்சிகூட ஏறும். ஆனா இதுல லூபஸ் எதிர்ப்பொருளும் இருக்கே, அதுவும் தின்னு தின்னுதான் வந்துச்சா?"

"யாரும்மா அது?"

அவள் கையுறையைக் கழற்றி, வீங்கிய விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூட்டு வலின்னு வந்து நின்னப்ப, 'வாயைக் கட்டு, சரியாயிடும்'னு விரட்டினீங்களே, அவதான்."

பிறகு அந்தக் குழாயை உருவி, நோயாளிகள் வரிசையில் செருகினாள்.