அட்டைக் கீபோர்டு

ஒரு ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஒரு கீபோர்டும் மவுஸும் இருந்துச்சுங்க. வாங்குன நாள்லேருந்து பிளாஸ்டிக் கவருக்குள்ளதான். எங்க தெரு பிரமிளாகூட டிவி ரிமோட்டை எட்டு வருஷமா கவரோடயே அமுக்குனா, அது கிடக்கட்டும். பிள்ளைங்க தொட்டா கெட்டுடும்னு, சார் அட்டையில கீபோர்டு வரைஞ்சு அதுலதான் அடிக்கப் பழக்குனாரு.

ஒரு நாள் கல்வி ஆபீசர் வந்தாரு. "ஒரு பிள்ளையாச்சும் தன் பேரை அடிக்கணும். இல்லன்னா கம்ப்யூட்டர் வேற ஸ்கூலுக்குப் போயிடும்"னுட்டாரு. சார் அவசரமா கவரை உருவுனாரு.

கீபோர்டுக்கு ஒரே நடுக்கம். "என்னை ஒரு விரல்கூட தொட்டதில்லையேடா! போச்சு, மூட்டை கட்டப் போறாங்க."

"நீ வேற பயமுறுத்தாத. எனக்கு ஏற்கனவே வாலெல்லாம் உதறுது"ன்னுச்சு மவுஸு.

ஆறாங்கிளாஸ் மெர்லின் வந்து உட்கார்ந்தா. குனிஞ்ச தலை நிமிராம, ஒரு எழுத்து தப்பாம படபடன்னு அடிச்சா.

"அடேய், அடிச்சிட்டாடா!"ன்னு கீபோர்டு துள்ளுச்சு.

அப்புறம்தான் மெர்லின் நிமிர்ந்து திரையைப் பார்த்தா. அவ பேரு முழுசா நின்னுச்சு. வெடுக்குன்னு கையை எடுத்துக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

"சார், நான் ஒண்ணுமே பண்ணல சார்! அட்டையில அடிக்கிற மாதிரிதான் அடிச்சேன், அதுல என்னமோ வந்துடுச்சு!"