எத்தனை அடி

இப்பல்லாம் கண்ணை மூடித் தூங்குறதுக்கே ஒன்பது விளக்கு வேணுமாம். பீளமேட்டில் மகன் கட்டுகிற ஊட்டில், புது பெட்ரூமில் விளக்குக்கு இடம் குறிக்க எலக்ட்ரீசியன் அமிர்தராஜ் வந்தான். ஆளை நம்ப முடியாது என்று நானும் கூடவே நின்றேன்.

"சுவிட்ச் எத்தனை அடிங்க?"

"நாலு அடி போடு" என்றேன்.

பளார் பளாரென்று அவன் கன்னத்தில் நாலு அடி விழுந்தது. ரூமில் நாங்கள் ரெண்டு பேர்தான். என் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஏனுங்கய்யா அடிக்கறீங்க?"

"நானெங்கடா அடிச்சேன்? காலையிலயே ஊத்திட்டு வந்துட்டியா?"

உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கட்டில் போடப்போகிற பக்கத்துச் சுவரில் பென்சிலை வைத்தான். "இந்த விளக்குங்க?"

"ஆறு அடி."

ஆறும் வயிற்றில் விழுந்தது. ஆள் சுருண்டு விழுந்தான். விழுந்த வேகத்தில் ஒரு பல் சிமெண்டுத் தரையில் உருண்டது. தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தான்.

"நம்பர் சொல்லாதீங்கய்யா. செத்துப்போயிருவேனுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே மணல் குவியல் பக்கம் நின்ற மருமகள் பிந்துதான் கத்தினாள்.

"மாமா! மேல் விளக்குக்குப் பத்தடின்னு சொல்லிப்போடுங்க!"

காலை உதறிவிட்டு வெளியே நடந்தேன். முதல் அடிக்கே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. கேட்டுக்கு வரும்வரை சத்தம் கேட்டது. எண்ணினேன், சரியாகப் பத்து. ஏழுக்கு மேல் அவன் கத்தவில்லை.

குடிகாரன் விழுந்து புரண்டால் இப்படித்தான் சத்தம் வரும். வேறென்ன? நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.