கழன்ற நட்டு

தேர்பவனிக்கு முந்தின சாயங்காலம், ராட்டினத் தொட்டிக்கு அடியில் ஒரு நட்டு பாதி கழன்று தொங்குவதை ஐரின் பார்த்தாள். உட்கார்ந்திருந்த மகனை இழுத்து இறக்கினாள்.

"யாரும் ஏறாதீங்க! அண்ணே, மொதல்ல அத முடுக்குங்க."

ராட்டினக்காரன் ரொனால்டு குனிந்து பார்த்தான். நிமிர்ந்து சிரித்தான்.

"நட்டு கழண்டது இங்க இல்ல தாயி, ஒனக்குத்தான்."

வரிசையே சிரித்தது. மகன் வெட்கப்பட்டு அவள் கையை உதறினான். ஐரின் காறித் துப்பினாள்.

காலியான தொட்டிக்கு மூன்று சிறுமிகள் ஓடிவந்தார்கள். இருவரை ஏற்றிய ரொனால்டு, மூன்றாமவளை மட்டும் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ வேணாம். வீட்டுக்குப் போ."

தொட்டியின் கம்பியைப் பூட்டினான். சிறுமி அழ ஆரம்பித்தாள்.

"அவளுக மட்டும் போறாளுக. என்னைய ஏன் ஏத்த மாட்டேங்குறீங்க, அப்பா?"