லயத்து வாசலில் டென்னிஸ்

ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். இடது கையால்தான். வலது தோளைத் தூக்கினால் உயிர் போனது. பிள்ளையைத் தூக்கவே பயமாக இருந்தது.

வெளியே ஒரே சிரிப்பு.

"ஏய் நாகலெட்சுமி! வந்து பாருடி, ஒம் புருசனுக்குத் தொரைப் பேய் புடிச்சிருச்சு!"

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற வேலாயி அக்கா. அது பேசினால் லயத்து வரிசை வீடு அத்தனைக்கும் கேட்கும்.

எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். கையில் என் சிரட்டை அகப்பை. இல்லாத பந்தை மேலே போடுகிறார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, எழும்பி, அகப்பையை ஓங்கி வீசுகிறார்.

அவருக்குத் தோட்டத்துத் துரை பங்களாவில் டென்னிஸ் கோர்ட்டுக்கு ரோலர் இழுக்கிற வேலை. துரைமார் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, தினமும் சாயந்தரம் இந்தக் கூத்து.

"என்னா தம்பி, தொரை மாதிரி வெள்ளக் கால்சட்ட எப்பத் தைக்கப் போற?"

"நீ துணி எடுத்துத் தாக்கா, தைச்சிருவோம்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தோள் வலியில், முதுகுக் கூடைக்குள் எறிகிற தேயிலைக் கொழுந்து தவறிப்போய், காலையில்தான் மேற்பார்க்கிற கங்காணி மலையில் வைத்துத் திட்டியிருந்தார். "பாதிக் கொழுந்து கூடையில, பாதி தரையில. இன்னொரு நா இப்படி எறிஞ்சா கொழுந்துக்கு வராத."

உள்ளே வந்தவரிடம் முதல் தடவையாக வாய் திறந்தேன்.

"நான் தோள் வலியில சாகுறேன். ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு. ஊரே சிரிக்குதுங்க."

அவர் சுவரில் தொங்கிய கொழுந்துக் கூடையை எடுத்து, அது முதுகில் தொங்கும்படி கயிற்றை என் தலையில் மாட்டினார்.

"சின்னத்தொரைக்குக் கை ஒலக்க மாதிரி. ஆனா பந்தடிச்சுத் தோள்ல கட்டுப் போட்டிருக்காரு. பெரியதொரை ஒல்லி, வயசாளி. அவருக்கு ஒண்ணுமில்ல. ஏன்?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"எனக்குந் தெரியல. அதான் ரெண்டு பேரு மாதிரியும் ஆடிப் பாத்தேன். சின்னவரு கைப்பலத்துல மட்டும் அடிக்கிறாரு. பெரியவருக்குப் பலம் தரையிலருந்து வருது. காலு தள்ளுது, இடுப்பு திரும்புது, தோளு பின்னாலயே வருது. கை கடைசி. சாட்ட நுனி மாதிரி."

கறிக்குக் கிடந்த முட்டைக்கோவாவில் ஒரு பிடி இலை பிய்த்து என் கையில் திணித்தார்.

"நீயும் காலை அசைக்காம, வெறுந் தோளாலதான் கொழுந்த எறியிற. முழங்கால மடக்கி எழும்பு. கை தன்னால போகும்."

எறிந்தேன். இலை தோளைத் தாண்டிக் கூடைக்குள் விழுந்தது. வலித்தது. ஆனால் உயிர் போகவில்லை.

மறுநாள் மலையிலும் அப்படியே எறிந்தேன். "இப்பப் பொண்டாட்டியும் ஆடுறாடி!" என்று வேலாயி அக்கா கூவ, எங்கள் நிரையில் கொழுந்து பறித்த எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் கூடையையும் கொழுந்து சிந்தாத தரையையும் பார்த்துவிட்டு, அடுத்த நிரைக்குப் போனார்.

பத்து நாள் ஆயிற்று, இன்றைக்கு வலது கையால் மா பிசைகிறேன். இனிமேல் வேலாயி அக்கா எவ்வளவு சத்தமாகச் சிரித்தாலும் நான்...

"நாகு... அக்காதான்டி. சத்தம் போடாம லயத்துக்குப் பின்னால வா. என் தோளும் கழண்டு போவுது. அந்தத் தொரை ஆட்டத்த எனக்கும் ஒருக்கா..."