முதலில் வந்து சேர்ந்தது டிவி

சைரன் ஓய்வதற்குள் பள்ளிக்கூடத்துக்குள் முதல் ஆளாக ஓடி வந்தவன் மதுரைவீரன்தான். தோளில் டிவி.

போர்வையில் சுற்றின டிவி. அதன் ஒயர் மட்டும் வால் மாதிரி தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

முதலில் வருகிறவரைக் கைதட்டி வரவேற்கத் தயாராக நின்ற தொண்டர் கூட்டம், தூக்கின கையோடு அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளானூர்ப் பக்கத்தில் ஒரு ஏரி. மழைக்காலத்துக்கு முன்னால் மதகு ஷட்டருக்கு கிரீஸ் போட்டு, கரையில் முளைத்த புதரை வெட்டி, எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக அரசாங்கம் ஒரு ஒத்திகையும் நடத்தும். கரை உடைந்ததாக நினைத்துக்கொண்டு, கீழே இருக்கிற தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வர வேண்டும்.

ஒத்திகையை நடத்தும் உதவிப் பொறியாளர் மோகனப்பிரியாவுக்கு ஒரே ஒரு கவலைதான். கரையை ஒட்டின கடைசி வீடு. அதில் இருக்கிற கண்ணம்மா.

இதற்கு முன் நடந்த ஒத்திகைகளில் தெருவே வந்தது, கண்ணம்மா மட்டும் வரவில்லை. ஸ்ட்ரெச்சரோடு போனவர்களைத் துடைப்பத்தால் விரட்டிவிட்டாள்.

"கூடை கூடையா நான் மண்ணு சொமந்து போட்ட கரைடா இது! அது ஒடையும்னு எங்கிட்டயே வந்து சொல்றியா? போடா அந்தாண்ட!"

கரைக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால் தண்ணீர் முதலில் நுழையப் போவது அந்த வீட்டுக்குள்தான்.

அந்தக் கண்ணம்மாவின் ஒரே மகன்தான் இப்போது டிவியோடு நிற்கிறான்.

"உங்க அம்மா எங்கய்யா?" என்றாள் மோகனப்பிரியா.

"ஊட்ல கீது மேடம்."

"என்னது? அம்மாவை விட்டுட்டு டிவியைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"கொஞ்சம் இரு மேடம், மூச்சு வாங்கிக்கறேன். கேட்ல இருந்து பாத்தா பளிச்சுனு தெரியற மாதிரி ஒரு எடம் வோணும். அந்த பெஞ்சை இப்பிடி இழுத்துப் போடட்டா?"

போட்டான். டிவியை அதன்மேல் நிற்க வைத்தான். போர்வையை உருவி, தூசு தட்டி, கேட்டைப் பார்க்கத் திருப்பினான். அவ்வளவு பக்குவம்!

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"டிவிக்கு ஒரு மாலை போடுங்கப்பா!"

"சுத்திப் போடணும். கண்ணு பட்டுடும்!"

புது ஃபிளாட்ஸின் செயலாளர் நிர்மலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரஞ்சு நிறக் கோட்டும் விசிலுமாக, ஒத்திகைக்குத் தொண்டராக வந்திருந்தவர் அவர். செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"பெத்த அம்மாவைத் தண்ணிக்கு விட்டுட்டு டிவியைக் காப்பாத்தின மகன்! இன்னிக்கே எல்லா குரூப்லயும் போடறேன். ஊரு பார்க்கட்டும்."

"போடு சார், போடு. மூஞ்சி நல்லா வருதா பாரு," என்று மதுரைவீரன் விரலாலேயே தலையை வாரிக்கொண்டான். கண் மட்டும் கேட்டை விட்டு நகரவில்லை.

அதற்குள் தெருக்காரர்கள் சாரிசாரியாக வந்துவிட்டார்கள். ஆட்டோடு ஒருவர், பிரஷர் குக்கரோடு ஒருத்தி, மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு ஒரு மருமகன். மாமியார்களுக்கே இந்த மரியாதை என்றால்! எல்லார் பார்வையும் மதுரைவீரன் மேல்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு புள்ளையா?"

மோகனப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஸ்ட்ரெச்சரை எடுங்க. நானே போய்ப் பார்க்கிறேன்."

மதுரைவீரன் பாய்ந்து வந்து இரண்டு கையையும் விரித்து வழிமறித்தான்.

"ஐயோ மேடம், வோணாம்! நீ போனா காரியமே கெட்டுடும். யாரும் எங்க ஊட்டாண்ட போவாதீங்க!"

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" நிர்மல் செல்போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "காப்பாத்தப் போறவங்களையும் தடுக்கறான். போலீஸைக் கூப்பிடுங்க மேடம்!"

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே நாய்கள் குரைத்தன. நாய்க் குரைப்பையும் மீறி ஒரு குரல்.

"புடிங்கடா அந்தக் கய்தையை! நடுச் சீரியல்ல ஒயரைப் புடுங்கிக்கினு ஓடிட்டான்டா! மருமவ வாயைத் தொறந்து உண்மையை சொல்லப் போற நேரம்டா!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு, கண்ணம்மா!

ஓட்டமென்றால் ஓட்டம். கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நிர்மல் ஊத எடுத்து வாயில் வைத்த விசில் கீழே விழுந்தது.

கண்ணம்மா பெஞ்சைப் பார்த்தாள். டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

கொடிக்கம்பத்தைச் சுற்றி அவன் ஓட, அவள் துரத்த, பின்னால் இரண்டு நாய்கள். முதுகில் விழுந்த அடிகளுக்குக் கூட்டம் விசிலடித்தது. ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவர்கள் அதன்மேலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். கண்ணில் நீர் வருகிற அளவுக்கு மோகனப்பிரியாவும் சிரித்தாள். கடைசி வீடும் வந்து சேர்ந்துவிட்டது! தெருவில் இனி ஒருவர்கூடப் பாக்கியில்லை.

களைத்துப்போன கண்ணம்மா டிவியைக் கட்டிப்பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்ததும், மோகனப்பிரியா அவனிடம் போனாள்.

"ஏங்க, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? ஊர் முன்னாடி இவ்வளவு திட்டு வாங்கணுமா?"

மதுரைவீரன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, அம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவா மேடம், அது காதுல உயுந்துடப் போவுது. டிவியை வித்துக் குடிக்கப் போறேன்னு நெனச்சுக்கினு கீது, அப்பிடியே நெனச்சுக்கினு இருக்கட்டும். நெஜமா தண்ணி வர்ற அன்னிக்கும் அது என்னைத் தொரத்திக்கினு ஓடி வரணும் இல்ல?"