ரூஃபஸ் கண்டுபிடித்த வியாதி

"பதினாலு வருஷமா ஒரு குறையும் இல்லை, டாக்டரம்மா. இந்த ஒரு மாசமாத்தான் இவ கட்டை மாதிரி கிடக்கா."

ரூஃபஸ் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப் டிஸ்பென்சரியில் மறைப்பு என்பது ஒரு பச்சைத் துணி. அதற்கு அப்பால் ஊசிக்குக் காத்திருந்தவர்கள் இருமுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி யூனிஸ் முந்தானையை முறுக்கியபடி தரையைப் பார்த்தாள்.

"கட்டை மாதிரின்னா?" என்றார் டாக்டர் கல்பகம்.

"ராத்திரி பக்கத்துல போனா... முன்னெல்லாம் அவளுக்கும் சந்தோஷம் வரும். சத்தத்துலயே தெரியும். இப்ப ஃபேனையே பாத்துட்டிருக்கா."

"முன்னாடி வந்துதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

ரூஃபஸுக்குச் சுருக்கென்றது. "நான் ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷன், மேடம். நான் பாத்து பாஸ் பண்ணாம ஒரு போல்ட்டுகூட கேட்டைத் தாண்டாது. என் பெண்டாட்டி விஷயம் எனக்குத் தெரியாதா?"

"அவங்களைக் கேட்டேளா?"

"கைக்கு? எதுக்குக் கேக்கணும்? இதையெல்லாமா கேப்பாங்க?"

ஆயா டீ கொண்டுவந்தாள். "நக்கோ, வேணாம். லெந்து நோன்பு நாள்" என்று பெருமையாக ஒதுக்கினார் ரூஃபஸ். "ஈஸ்டர் வரைக்கும் வீட்ல ஆளுக்கு ஒண்ணை விடணும்னு நான்தான் சொன்னேன். நான் டீயை விட்டேன். எதை விட்டாலும் கர்த்தருக்குப் பயந்து உண்மையா விடணும். இவளுக்கும் அதைத்தான் சொல்லிவெச்சேன்."

டாக்டர் பி-காம்ப்ளெக்ஸ் எழுதினார். இடுப்புவலி முதல் மனக்கவலை வரை அந்த டிஸ்பென்சரியில் எல்லாவற்றுக்கும் அதுதான். ரூஃபஸுக்கு அது போதவில்லை.

"நரம்பு டாக்டருக்கு எழுதிக் குடுங்க, மேடம். தலையில கரண்ட் வைக்கணும்னாலும் வைக்கட்டும்."

யூனிஸ் சட்டென்று நிமிர்ந்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். கல்பகம் அதைப் பார்த்துவிட்டார். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ."

ரூஃபஸ் முனகிக்கொண்டே போனார். டாக்டர் நாற்காலியை யூனிஸின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பயப்படாதீங்கோ. யாரும் கரண்ட் வைக்க மாட்டா. இந்த ஒரு மாசத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் அவளை நேராகக் கேட்டது இவர்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துணிக்கு அடியில் தெரிந்த கணவனின் பூட்ஸைப் பார்த்துக் குரலை இறக்கினாள்.

"அந்தச் சந்தோஷம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, டாக்டரம்மா. அவங்க மனசு நோகக் கூடாதேன்னு வந்த மாதிரி காட்டிட்டிருந்தேன். லெந்துக்கு அவங்க டீயை விட்டாங்க, நான் பொய்யை விட்டேன். சீக்கிரம் ஏதாவது வழி பண்ணுங்க, இல்லாட்டி ஈஸ்டர் அன்னைக்கே எனக்குக் குணமாயிரும்."